கம்மாய்க்கு மேலே ஒரு குழி

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில், என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு நஷ்டம் வந்தாலும் வரும்னு கம்பெனிக்காரனே அவன் அறிக்கையில எழுதியிருக்கான்."

என் தூக்கம் கலைந்தது.

"என்ன கம்பெனிங்க?" என்று மனைவி கேட்டார்.

"ஃபாக்டரி விஷக்கழிவ வாங்கிப் பொதைக்கிற கம்பெனி. மழை கூடினா குழி வழியலாமாம். பக்கத்து ஊர்க்காரங்க எதிர்த்தா மூட வேண்டி வருமாம்."

"எந்த ஊருல தோண்டப் போறாங்க?"

அவர் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"நம்ம ஊருதான். கம்மாய்க்கு மேல."

"அப்ப நாம எதிர்க்கத்தானே செய்வோம்?"

"நேத்துத்தான் அந்தக் கம்பெனி ஷேர வாங்கினேன்."

"அப்ப எதிர்க்கணுமா, வேண்டாமா?"

அவர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.