சரியா எழுதி மாட்டிகினவன்

சரியா எழுதுனது ஒரு குத்தமா அண்ணாத்த? நீங்களே சொல்லுங்க. பஸ் ஜன்னல அப்புறம் பாக்கலாம், மதுராந்தகம் ஏரி எங்கியும் ஓடிடாது! இங்லீஷ் பரீச்சையில நாப்பத்திரெண்டு பேரு தப்பு, நான் ஒருத்தன் கரெக்டு. அதுக்குப் போயி, பத்து மணிக்குள்ள அப்பாவ இட்டுகினு வா, இல்லன்னா ஆண்டு விழாவுல உன் மிமிக்ரி கட்டுங்கறாங்க. எட்டு நிமிசம் அண்ணாத்த! மூணு மாச பிராக்டீசு!

வரலட்சுமி மிஸ் பேசிவ் வாய்ஸ் நடத்துனாங்களா... அவங்க கொரலு மூக்காலயே வரும், கேளுங்க. "டியர் ஸ்டூடண்ட்ஸ்! தி ஃபிஷ் வாஸ் காட், வாஸ் க்ளீன்ட், வாஸ் ஃப்ரைட்னு மூணு வாஸ் எதுக்கு? மொத வாஸ் ஒண்ணு போதும், மிச்சத்த வுட்டுடலாம்!" எப்டி? முன்சீட்டு அக்காவே திரும்பிப் பாக்குது பாருங்க!

பரீச்சைக்கு மொத நாளு, சும்மா ஒரு ஜாலிக்கு, அதே கொரல்ல பேசி, 'மிஸ் அனுப்புனது'ன்னு கிளாஸ் வாட்ஸப் குரூப்புல தட்டி வுட்டேன். "டியர் ஸ்டூடண்ட்ஸ்! மொத வாஸும் வேணாம், அடிச்சிடுங்க!"

நம்பிட்டாங்க அண்ணாத்த! ஃபர்ஸ்ட் ரேங்க் ஸ்வாதி கூட 'தி ஃபிஷ் காட்'னு எழுதிட்டா. மீனே போயி எதையோ புடிச்சாப்ல!

நானா? எனக்குதான் தெரியுமே, நான் எதுக்கு அடிக்கறேன்? வாஸ் போட்டு அழகா எழுதுனேன். மிஸ் என் பேப்பர மட்டும் தனியா எடுத்து வெச்சாங்க. என்னையே பாத்தாங்க.

அப்பா ஜெபகுமார், கல்பாக்கத்துல வேல. சொன்னா தோல உரிச்சிடுவாரு. அதான்... நீங்க நம்ம செங்கல்பட்டு ஸ்கூலுக்கு என் சித்தப்பாவா வாங்களேன்? பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க வாய மட்டும் அசைங்க!

இன்னா, எழுந்துட்டீங்க? செங்கல்பட்டுக்குதான டிக்கெட் எடுத்தீங்க? இது படாளம்! இருங்க, கண்டக்டர் கொரல்ல ஒண்ணு வுடறேன்...

"படாளம் எறங்க ஆள் இல்ல! போலாம் ரைட்!"

பாத்தீங்களா, வண்டி நிக்காமயே போது! ஒக்காருங்க சித்தப்பா.

ஐயையோ... கண்டக்டர் இன்னாத்துக்கு என்னையே பாத்துகினு வர்றாரு? பஸ் பூரா கம்முனு கீது... நான் ஒருத்தன்தான் பேசிகினு... மறுபடியும் தனியா மாட்டிகினேனே!