இந்த வீட்டுக்கு இந்த செட் ஒத்துவராது

— அந்தப் பாட்டு செட் ஒயரைக் கழட்டாதீங்க மாமா.

— கழட்டியாச்சு. ஒரு ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிக்குள்ள போயாச்சு. இன்னொண்ணைத் தூக்கத்தான் ஆள் இல்ல.

— நான் தூக்கித் தரமாட்டேன். சொல்லிட்டேன்.

— மருமகளே, ஆறு மணிக்கு வண்டி. என் பொண்ணு அவ வீட்ல செட்டு வைக்க இடம்கூட ஒதுக்கிட்டாளாம்.

— நேத்து ராத்திரி திடீர்னு சொல்றீங்க, இன்னிக்கு கிளம்பறீங்க. எதுக்குன்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க.

— எத்தனை தடவை சொல்றது? இந்த வீட்டுக்கு இந்த செட் ஒத்துவராது. பழைய வீட்ல மணி மாதிரி பாடிச்சு. இங்க கிணத்துக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு.

— செட்டுதானே ஒத்துவரல? நீங்க இல்லையே?

— செட்டு இருக்கற இடத்துலதான் நானும்.

— அப்ப சரி. செட்டை இங்க ஒழுங்காப் பாட வச்சா இருப்பீங்களா?

— வச்சா பாக்கலாம்.

— பாக்கலாம்னா?

— இருப்பேன், போதுமா? ஆனா நடக்காது. நீ பல்லு டாக்டர். பல்லைப் பிடுங்கலாம். சத்தத்தைப் பிடுங்க முடியாது.

— பாப்போம். நாலு மணிக்குத்தான் ஸ்கூல்ல இருந்து பேத்தியைக் கூட்டிட்டு உங்க பையன் வருவார். அதுவரைக்கும் நேரம் இருக்கு.

— அவ வர்றதுக்குள்ள கிளம்பிடலாம்னு பாத்தேன்.

— தெரியும்... முதல்ல ஒரு தடவை கையைத் தட்டுங்க.

— என்னது?

— கையை! இப்படி!

— ஓ... இந்தா.

— கேட்டுச்சா? நீங்க தட்டினது ஒண்ணு. சுவரு திருப்பித் தட்டினது நாலு.

— அதான் சொல்றேனே. வெறும் தரை, வெறும் சுவரு, அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதைப் போட்டாலும் பந்து மாதிரி எகிறி எகிறி வருது. ஒரு சத்தம் அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்து மேல ஏறிக்குது.

— பழைய வீட்ல?

— அங்க என்ன இல்ல? புத்தக அலமாரி, தடிச்ச திரை, ஒரு லோடு பழைய சோபா. நீ சொல்வியே, குப்பைக் கிடங்குன்னு. அந்தக் குப்பைதான் சத்தத்தைக் குடிச்சுது.

— எல்லாத்தையும் நான்தானே தூக்கிக் கொடுத்தேன்.

— குத்தமா சொல்லலம்மா. உன் ஆசை. ஹால் படத்துல வர்ற மாதிரி இருக்கணும்னு எத்தனை வருஷம் காத்திருந்தே... சரி, இதை எங்க தள்றே?

— மூலையில இருந்து வெளிய. மூலையில வச்சா கும்கும்னு இடிக்குமாம். சுவத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி நிக்கணும். பிடிங்க.

— மெதுவா... மெதுவா! தரையில கோடு விழுந்தா உன் மூஞ்சியைப் பாக்க முடியாது.

— விழட்டும்.

— விழட்டுமா? உடம்பு சரியில்லையா உனக்கு?

— அந்தப் பெட்டியில இருக்கறதையும் எடுங்க. ரெண்டும் உங்க காது உயரத்துக்கு வரணும். ம்... இப்ப நீங்க போய் உக்காருங்க.

— சோபாவுலதானே?

— இல்ல. சாப்பாட்டு மேஜையில. உங்க நாற்காலியில.

— பாட்டு கேக்கறதுக்கா, பரிமாறறதுக்கா?

— உக்காருங்க மாமா, வாயாடாம. நான் இந்த முகம் பாக்கற கண்ணாடியைச் சுவத்தோட ஒட்டி நகத்திக்கிட்டே வர்றேன். எந்த இடத்துல உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியுதோ அங்க நிறுத்தச் சொல்லுங்க. அங்கதான் சத்தம் மோதி உங்ககிட்ட வருது.

— இதெல்லாம் எங்க படிச்சே?

— கண்ணாடி பிடிச்சு இருட்டு மூலையைத் தேடறது என் தொழில் மாமா.

— அது சரி... இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்து! தெரியுது.

— இங்கயா?

— அங்கதான்... ஏய், என்ன அது கையில? ஆணியா?

— ஆணிதான்.

— இந்தச் சுவத்துலயா? காலண்டர் மாட்டறேன்னு கேட்டதுக்கு உன் புருஷனை ரெண்டு நாள் பட்டினி போட்டவளாச்சே நீ!

— ஒரு நாள்தான். காதைப் பொத்திக்கங்க.

— ...

— முடிஞ்சுது. பஞ்சுப் போர்வை இங்க தொங்கும். எதிர்ச்சுவத்துல என்னோட புத்தகங்களை அலமாரியோட கொண்டுவந்து நிறுத்தறேன். வரிசையா அடுக்காம முன்னப் பின்ன வைக்கணுமாம். அப்பத்தான் சத்தம் சிதறிப் போகும். திரை நாளைக்கு வரும்.

— நாளைக்கா? நான் ஆறு மணிக்கு...

— தெரியும், தெரியும், வண்டி. ரேடியோ போடறேன்.

— ரேடியோவா? பாட்டுத்தட்டு இருக்கே.

— முதல்ல ரேடியோ.

— யாரோ ஒரு அம்மா செடிக்கு உரம் போடச் சொல்லுது. பாட்டு கேக்கற செட்டுக்கு எதுக்கும்மா பேச்சு?

— மனுஷன் பேச்சு தெளிவா வந்தா பாட்டு தானா வரும். என்ன சொல்றாங்கன்னு சொல்லுங்க.

— உரம்தான்.

— எந்தச் செடிக்கு?

— ஏதோ ஒரு செடிக்கு... என்ன பரீட்சையா இது?

— இல்ல மாமா. சும்மா. கதவுக்குப் பின்னாடி கம்பளம் இருக்கு. விரிச்சிட்டு மறுபடி கேப்போம்.

— கம்பளமா? எப்ப வாங்கினே?

— முந்தாநாள்.

— முந்தாநாளா? நான் போறேன்னு சொன்னதே நேத்துதானே?

— காலைத் தூக்குங்க. நாற்காலிக்கு அடியில வரணும்.

— செட்டு அங்க இருக்கு. கம்பளத்தை இங்க மேஜைக்கு அடியில போடறே.

— அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ரெண்டு வாங்கினேன்.

— நாற்காலிக் கால்ல எல்லாம் துணி சுத்தியிருக்கு... இதுவும் செட்டுக்கா?

— ஆமா, செட்டுக்குத்தான். இழுக்கறப்ப கீச்சுனு கத்துதுல்ல.

— தட்டு வைக்கற இடத்துல கனமா விரிப்பு. இதுவும்?

— செட்டுக்குத்தான் மாமா.

— ம்...

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. நல்லாப் பராமரிக்கறே செட்டை... நீ அந்தப் போர்வையைச் சரியா மாட்டு. ஒரு பக்கம் இறங்கியிருக்கு.

— இந்தப் பக்கமா?

— அந்தப் பக்கம். திரும்பாம மாட்டு. விழுந்துடப்போறே.

— சட்டைப்பையில என்ன தேடறீங்க?

— மூக்குக்கண்ணாடி.

— அது உங்க மூக்கு மேலயே இருக்கே.

— அட, ஆமா... வயசாயிடுச்சு.

— மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க பையன் அன்னிக்குக் கத்தினதாலதானே போறீங்க?

— அவன் கத்தினது நியாயம்தானே. ஆசையா வளத்த முயல் செத்துப்போச்சுன்னு குழந்தை சாப்பாட்டு மேஜையில சொல்றா. தாத்தா சிரிக்கறான். எவன் சும்மா இருப்பான்?

— அதுக்கப்புறமாவது ஏதாவது சொல்லியிருக்கலாம்ல. கிழவன் புத்தி, விடுங்கன்னு எழுந்து போயிட்டீங்க. ஒன்பது நாளா அவ உங்ககிட்ட வர்றதில்ல.

— எட்டு நாள். ஒன்பதாவது நாள் என் கதவுகிட்ட வந்து நின்னா. நான் பாத்ததும் ஓடிட்டா. அவளும் எத்தனை நாள்தான் பாத்துக்கிட்டிருப்பா, சிரிக்கற கிழவனை. போயிட்டா மறந்துடுவா.

— மறக்கமாட்டா. என் பொண்ணு அவ. பிடிச்சதை விடமாட்டா... இருங்க, காபி போடறேன். ரேடியோவை அணைச்சிடுங்க.

— அணைச்சாச்சு. நல்லா அமைதியா இருக்கு. இந்த ஹால்ல அமைதிகூட இதுவரைக்கும் சத்தமாத்தான் இருந்துச்சு.

— சர்க்கரை எத்தனை?

— ஒண்ணரை. ஏழு வருஷமாப் போடறே, இன்னிக்கு என்ன புதுசாக் கேள்வி?

— நான் உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறேன் மாமா.

— ...

— சத்தமாவும் பேசல. எப்பவும் பேசற மாதிரிதான். நீங்க உக்காந்திருக்கறது அதே நாற்காலிதானே?

— அதே நாற்காலிதான்.

— அப்ப இன்னொண்ணும் கேட்டுடறேன். அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?

— திரும்பாதே. அப்படியே நில்லு. உன் முதுகுகிட்ட சொல்றது கொஞ்சம் சுலபம்.

— திரும்பல.

— நாப்பது வருஷம் அச்சு மெஷின் பக்கத்துல நின்னவன் நான். பழைய வீட்ல எப்படியோ ஓடிச்சு. இங்க வந்ததுல இருந்து... மூணு பேரும் பேசறீங்க, கரண்டி விழுது, நாற்காலி கத்துது. எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரே இரைச்சல். நான் முகத்தைப் பாப்பேன். நீங்க சிரிச்சா சிரிப்பேன். தலையாட்டினா தலையாட்டுவேன். அப்படியே ஒரு வருஷம் ஓட்டிட்டேன்.

— ம்...

— அன்னிக்கு அவ என்னைப் பாத்து ஏதோ சொன்னா. வாய் ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. சிரிக்கறான்னு நினைச்சேன்மா. அழறதுக்கும் முன்னாடி அப்படித்தான் இழுக்கும்னு... எனக்குத் தோணல.

— அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா.

— செவிடன்னு சொல்றதுக்கு... கல்நெஞ்சன்னு பேர் வாங்கறது மேல்னு அந்த நேரத்துல பட்டுது. முட்டாள்தனம்தான்.

— எனக்கு அன்னிக்கே தெரியும்.

— தெரியுமா?

— நீங்க சிரிச்சதும் உங்க பையன் குழந்தையைப் பாத்தார். நான் உங்களைப் பாத்தேன். நாங்க யாரும் சிரிக்கலைன்னு தெரிஞ்சப்ப உங்க முகம் போன போக்கு... மறுநாளே எங்க கிளினிக் மாடியில இருக்கற காது டாக்டரைக் கேட்டேன். காதுக்கு மெஷின் வேணும், ஆனா முதல்ல வீட்டைச் சரிபண்ணுங்க, இந்த மாதிரி மொட்டை ஹால்ல மெஷின் வச்சா இரைச்சலும் சேந்து பெரிசாகும்னார்.

— அவர் சொன்னது சரி.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அந்தக் காது மெஷினை மூணு மாசமா சட்டைப்பையில வச்சுக்கிட்டு அலையறேன். யாருக்கும் தெரியாம வாங்கினேன். ஒருநாள் இங்க மாட்டிப் பாத்தேன், நீ ஸ்பூனைத் தட்டுல வச்சே. இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. கழட்டிட்டேன்.

— அப்ப மூக்குக்கண்ணாடின்னு தேடினது...

— நீ ஆணியில போர்வையை இழுத்துக்கிட்டு நின்னப்ப மாட்டினேன். கம்பளம் மேஜைக்கு அடியில வந்தப்பவே உன் திருட்டுத்தனம் புரிஞ்சுபோச்சு.

— இப்ப எப்படி இருக்கு மாமா? இரைச்சலா இருக்கா?

— நீ மூக்கை உறிஞ்சறது கேக்குது.

— காபி ஆவி.

— ஆவிதான், ஆவிதான்... அழகா இருந்த ஹாலை அலங்கோலம் பண்ணிட்டியேம்மா எனக்காக.

— செட்டுக்காக மாமா. உங்களுக்கு யார் பண்ணினா?

— சரிதான்.

— உங்க பொண்ணுகிட்ட நான் பேசறேன். வண்டி வேண்டாம்னு சொல்லிடட்டுமா? ஒழுங்காப் பாட வச்சா இருப்பேன்னு சொன்னீங்க. வாக்கு வாக்குதான்.

— பாட்டே இன்னும் போடலையே நீ.

— மாமா!

— சொல்லிடு, சொல்லிடு... மணி என்ன?

— மூணே முக்கால். இப்ப வந்துடுவா. நானே அவகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்றேன், தாத்தாவுக்குக் காது...

— வேண்டாம். அதை நான்தான் சொல்லணும். நீ எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு, சீக்கிரம். அந்த முயலுக்கு அவ என்ன பேர் வச்சிருந்தா? ஒரு வருஷமா மடியில வச்சுக்கிட்டு எங்கிட்ட கதை கதையாச் சொன்னா. ஒரு தடவைகூட எனக்கு அந்தப் பேர் கேக்கலம்மா.