பாஹிமாட பச்சச் சாறி

ஒண்டும் அவசரமில்ல தம்பி, இரிங்க. பால்மாப் பெட்டிய ஓரமா வைங்க. இந்த நோம்புக்கு நம்மட கடையில டிஸ்பிளே கட்டுறதா வேணாமா எண்டு பொறகு கதைப்பம். முதல்ல உங்கட போன இன்னொருக்காத் தாங்க. இப்பக் காட்டின போட்டோதான். போன நோம்புல கொம்பனிட டிஸ்பிளேப் போட்டியில முதலாமிடம் எடுத்த கட எண்டீங்களே, அது.

ஓம், வடிவாத்தான் கட்டியிரிக்கி. பால்மாப் பெக்கட்டால பள்ளிவாசல் மாதிரி ரெண்டு மினாரா, நடுவுல குப்பா, உச்சியில பிறை. முதல் பரிசா மக்கத்துக்கு உம்றா டிக்கட் குடுக்கக்கூடிய வேலதான்.

பின்னால தொங்குற பச்சச் சாறியக் கொஞ்சம் பெருசாக்குங்க. கீழ்க் கரையில, கறுப்பா ஒரு அடையாளம் தெரியிதா? இல்ல தம்பி, போன்ல ஊத்தையில்ல. அயன் பட்டுக் கருகின இடம். எண்ட பொஞ்சாதி பாஹிமாட கலியாணக் கூறச்சாறி அது. நான் எடுத்துக் குடுத்த.

ஓம், இந்தக் கடதான். நீங்க இரிக்கிற இடத்துலதான் அந்த டிஸ்பிளே நிண்ட. பாஹிமாதான் நோம்பையும் பிடிச்சிக்கிட்டு மூணு நாளாக் கட்டினவ. முட்டுக்கால் வருத்தக்காரி, ஸ்டூல்ல ஏறி நிண்டு. பிறை ரெண்டு தரம் விழுந்த. திரும்பவும் ஏறின. கஃபாவ ஒருக்காக் கண்ணால பாத்துட்டாப் போதும் எண்டுதான் அவட கதையெல்லாம்.

போட்டோ எடுத்தது உங்களுக்கு முதல் இந்தக் கடைக்கு வந்த கொம்பனி ரெப், மிஹ்லார். தெரியாதா? நீங்க பொத்துவில் ஆள், வேலைக்கும் புதுசு, தெரிய ஞாயமில்ல. போட்டோவக் கொம்பனிக்கி அனுப்பிட்டன் எண்டாரு. பொறகு கேட்டா, பிந்திப் போச்சாம், போட்டிக்கி எடுக்கல்லயாம். நானும் நம்பின.

கீழ என்ன கடப் பேர் கிடக்கு? வாசிங்க. ஜுனைட் ஸ்டோர்ஸ், சாய்ந்தமருது. ம்ம். ஜுனைட் மிஹ்லார்ட தங்கச்சி மாப்புள.

இப்பதான் வெளங்குது. பெருநாளைக்குப் பொறகு மிஹ்லார்ட உம்மா உம்றாவுக்குப் போன. மகன் உழைச்சு அனுப்பினான் எண்டு ஊரெல்லாம் சொன்னாங்க. வந்து எங்களுக்கும் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணியும் தந்தாங்க. பாஹிமா கிப்லாப் பக்கம் திரும்பி நிண்டு, பிஸ்மி சொல்லிக் குடிச்சிட்டு, இப்பிடியொரு மகனுக்கு அள்ளா பரக்கத் செய்யணும் எண்டு அழுதழுது துஆக் கேட்டா. நான் பக்கத்துல நிண்டு ஆமீன் சொன்ன. ஊரான் செஞ்சா ஏசிட்டாவது விடலாம்.

கொம்பனிக்கிச் சொல்லப் போறீங்களா? வேணாம். கொஞ்சம் மெதுவாக் கதைங்க. போன உள்ளுக்கு வைங்க, அவ வந்தாச் சாறியக் கண்டுபிடிச்சிருவா. டிஸ்பிளேயும் வேணாம்.

ஆரு, மிஹ்லாரா? எண்ட மகள் றிபாவக் கலியாணம் முடிச்சவரு தம்பி. நம்மட வழமை தெரியும்தானே, மகளுக்குக் குடுத்த வீட்டுலதான் இரிக்காரு. இந்தா, கடைக்குப் பின்னாலதான். இப்ப பகல் சோறு தின்னுறாரு. பாஹிமா பக்கத்துல நிண்டு மீனாணம் ஊத்திக் குடுக்கா.