நார்த்துணி சுற்றிய காங்கிரீட்

எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் எள்ளுப் பொட்டலத்தோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரத்து அம்மாள் பெருமையாகச் சொன்னாள்:

“எம்மகன் மதுரைக் காலேஜ்ல காங்கிரீட்டுக்குக் கண்ணாடி நார்த்துணியச் சுத்தி, மெஷின்ல வச்சு நசுக்குறான்.”

“நசுக்கவா மதினி படிக்க வச்சீக?”

“ஆராய்ச்சிடி! இறுக்கிச் சுத்துனா கூடுதலாப் பாரம் தாங்குமாம். உள்ள நொறுங்குறது வெளிய தெரியாதாம். கடைசில டமார்னு வெடிச்சிருமாம். எப்ப வெடிக்கும்னு கணக்குப் போடுறான். சரியா வரலன்னு வாத்தியாருக வையிறாகளாம்.”

“ஒங்க மருமககிட்டக் கேக்கச் சொல்லுங்க. கோயிலுக்குக்கூட விடாம வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கீகள்ல, அவ சரியாச் சொல்லுவா. நசுக்குற மெஷினுக்கு மதுரைக்கு எதுக்குப் போகணும்? அது இங்கன எம்பக்கத்துலல்ல ஒக்காந்திருக்கு!”