பூவிழிக்குக் கொடுத்த சாறு

நெல்லிக்காயைக் கொட்டையோடு அரைத்தால் சாறு கசந்துவிடும். நான் எப்போதும் கொட்டையை நீக்கிவிட்டுத்தான் அரைப்பேன். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் மலைக்காரப் பெண்கள் விற்பது நல்ல காய். இரண்டு சிட்டிகை உப்பு போட்டால் போதும். பூவிழிக்கு அது பிடித்திருந்தது.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், முறையாகவே சொல்கிறேன். என் பெயர் முதஸ்ஸிர். புற்றுநோய்க்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் களப்பணியாளர். கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஊசியில் ஏற்றுவார்கள். அவை கட்டிக்குள் போய், வீரியமான ஆக்சிஜனைக் கிளப்பிக் கட்டியை எரித்துவிட்டு, தாமும் உடம்பிலேயே கரைந்துவிடும். நெல்லிக்காய், வைட்டமின் சி மாத்திரை எல்லாம் அந்த நெருப்பை அணைத்துவிடக்கூடும், தொடவே கூடாது என்பார்கள் டாக்டர்கள். அதை வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் என் வேலை.

என் மனைவி கனீஸ் ஃபாத்திமா, மார்பில் கட்டி இருக்கிறது என்று நோன்பின் முதல் வாரத்தில் சொன்னாள். பெருநாள் முடியட்டும் என்றேன். பிறகு, அவள் தங்கை நிக்காஹும் முடியட்டும் என்றேன். அழைத்துப்போனபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஆய்வில் சேர்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இறக்கும்வரை ஃபாத்திமா என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நிக்காஹ் போட்டோவில் அந்தக் கட்டியோடுதான் என் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். 

ஆய்வில் சேர்ந்து அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்த பூவிழிக்கும் அதே இடத்தில்தான் கட்டி. இரண்டாவது ஸ்கேனில் பாதியாகக் குறைந்திருந்தது. ரிப்போர்ட்டை நான்தான் கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நல்லவேள பாய், கட்டின்னு தெரிஞ்ச மறுநாளே எங்க வூட்டுக்காரரு கூட்டிட்டுப் போய்ட்டாரு.”

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, பாவம்.

அடுத்த வாரத்திலிருந்து சாறு கொண்டுபோனேன். தினமும் போட்டுக்கொள்ள வைட்டமின் சி மாத்திரையும் கொடுத்தேன். அவள் ஒருமுறை கேட்கத்தான் செய்தாள்.

“நெல்லிக்கா கூடாதுன்னு நீங்கதான பாய் சொன்னீங்க?”

“அது ஆரம்பத்துலம்மா. இப்ப தெம்புக்குக் குடிக்கலாம்.”

குடித்தாள். அவளுடைய உணவுக் குறிப்பேட்டில் விலக்கச் சொன்னது எதையும் சாப்பிடவில்லை என்று நானே எழுதினேன். கட்டி மறுபடி வளர்ந்தது. ஆவணியில் இறந்துபோனாள். அவள் வீட்டுக்காரர் அருள் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், அது பொய்யில்லை.

தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன பூவிழியையே அந்த மருந்து காப்பாற்றவில்லை. ஃபாத்திமாவை மட்டும் எப்படிக் காப்பாற்றியிருக்கும்?