மூன்று சுற்று ஸ்டிக்கர்

ஸ்டிக்கர் ஒட்டும்போது முக்கால்வாசிப் பேர் செய்கிற தவறு ஒன்று உண்டு. பின்தாளை அவசரப்பட்டு ஒரேயடியாக உரித்துவிடுவார்கள். அது கையில் ஒட்டி, சட்டையில் ஒட்டி, கடைசியில் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு பாழாய்ப்போகும். கொஞ்சம் உரித்து, கொஞ்சம் ஒட்டி, துணியால் நீவிக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பொறுமை அதிகம் என்று என் தங்கை எல்லோரிடமும் சொல்வாள்.

உங்கள் மேசைமேல் பைக்குள் கிடக்கும் அந்த அட்டைக் குழாய்த் துண்டைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சொல்கிறேன். தங்கையிடமிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் ஒரே பேருந்து விபத்தில் போனபோது அவளுக்கு எட்டு வயது. தலை வாரிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். வீட்டில் அவளைக் குருவி என்று கூப்பிடுவேன். நான் ஸ்டிக்கர் கடை வைத்தேன். வண்டி நம்பர், கண்ணாடிக் கதவுக்கு எழுத்து, இப்படிப்பட்ட வேலைகள். அவள் படித்து இயற்பியல் ஆசிரியை ஆனாள்.

விடுமுறை நாட்களில் ராக்கெட் செய்வாள். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியாகச் செய்தது என் தோள் உயரம். அட்டைக் குழாய், மெல்லிய பலகையில் நான்கு இறக்கை, மேலே கூரான மூக்கு. அலங்காரம் மட்டும் என் பங்கு. அவள் தாளில் வரைந்து தருவாள். நான் அதை வினைல் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து, மேலே பளபளப்புத் தாள் ஒட்டி, பிளேடால் நறுக்குவேன். குழாயில் சோப்புத் தண்ணீர் தெளித்து, படத்தை நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் உட்கார வைப்பேன். சமையலறை மேசையில் அவள் குழாயைப் பிடித்துக்கொள்வாள், நான் ஒட்டுவேன். உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால், "அண்ணா, அம்மை போட்டிருக்கு பாரு" என்று சிரிப்பாள். அந்தச் சாயங்காலங்களுக்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஒருநாள் அவரைக் கடைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, குருவிக்கு அடிக்கடி வலிப்பு வரும் என்று சொன்னேன். அவளுக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தேற்றியது நான்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. தூரத்து ஊரில் நிஜ ராக்கெட்டுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அவள் சேர்ந்திருந்த ராக்கெட் சங்கத்தின் திருவிழாவுக்கு அவர்களே ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம்.

"ஒரு தடவ பறந்து பத்திரமா எறங்கிட்டா போதும்ணா. வேலை எனக்குத்தான்."

"போய்டுவியா?"

"நீயும் வா. கடைய அங்கயும் வைக்கலாமே. உனக்கு நம்பர் எழுத ஊர்ல வண்டியா இல்ல?"

மரியாதைக்குச் சொன்னாள். மனதில் இருந்து சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

திருவிழாவுக்கு முந்தின நாள் ராக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மூக்கும் குழாயும் சேரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கோட்டு மேல மட்டும் எதுவும் ஒட்டிடாத. மேல போனதும் உள்ள சின்னதா ஒரு வெடி வெடிக்கும். மூக்கு கழண்டு, இது வழியாத்தான் பாராசூட் வெளிய வரணும்." சரி என்று தலையாட்டினேன். அவள் பள்ளிக்கூடம் போனாள். நான் கடையை அடைத்துவிட்டு, நிறமே இல்லாத கண்ணாடி வினைலில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நறுக்கினேன். அந்தக் கோட்டின் மேல் மூன்று சுற்று சுற்றினேன். ஓரத்தைச் சூடு காட்டி நீவினேன். கையால் தடவினால்கூடத் தெரியாது. வேலை சுத்தமாக இருந்தது.

ஒரு தோல்வி போதும் என்று நினைத்தேன். ராக்கெட் தரையில் குத்தி நொறுங்கும், வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போவார், அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள். ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகும். அவ்வளவுதான் என் கணக்கு.

நடுப்பகல். பெரிய மைதானம். ராக்கெட் நன்றாகத்தான் மேலே போனது. கூட்டம் கை தட்டியது. உச்சியில் வெடிச்சத்தம் கேட்டது. மூக்கு கழலவில்லை.

"பாராசூட் வரலயே..." என்று கையால் கண்ணை மறைத்தபடி குருவி முன்னால் நடந்தாள். சங்கச் செயலாளர் மைக்கில் "விலகுங்க, விலகுங்க" என்றார். எந்தப் பக்கம் விலகுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சூரியன் உச்சந்தலைக்கு மேல் இருந்ததால் எல்லோருக்கும் கண் கூசியது. நான் பந்தல் நிழலில் நின்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது எங்கே வருகிறது என்றும் தெரிந்தது.

கூப்பிட நேரம் இருந்தது, ஐயா. குருவி என்று ஒரு வார்த்தை. கூப்பிட்டிருந்தால் என்னிடம் ஓடி வந்திருப்பாள். வந்துவிட்டு, இன்னொரு ராக்கெட் செய்து, பிறகு போயிருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை.

முகத்தில் பட்ட அடியில் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். பார்வை மட்டும் இரண்டு கண்ணிலும் திரும்பாது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். மறுபடி நான்தான் தலை வாரிவிடுகிறேன். கிண்ணத்தைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் சூடு என்று சொல்கிறேன். என் காலடிச் சத்தம் கேட்காவிட்டால் "அண்ணா?" என்கிறாள். போன வாரம் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்:

"அந்தக் கோட்டு மேல ஸ்டிக்கர் எதுவும் வரலல்ல?"

"வரல."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப பாராசூட்ட நான்தான் சரியா மடிச்சு வைக்கல. உன்னையும் இப்படிக் கஷ்டப்படுத்துறேனே, மன்னிச்சுக்கோணா."

பரவாயில்லை என்று சொன்னேன். தினமும் கேட்கிறாள், தினமும் சொல்கிறேன்.

ஆமாம், பட்டையை ஒட்டியது நான்தான். பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டாள். அவள் மனம் நோகிறமாதிரி ஒரு காரியம் இன்றுவரை நான் செய்ததில்லை.