பானைக்குள் என்ன இருக்கிறது?

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நான் மைக்கைத் தொடும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட எங்கள் சூப்புக் கடைச் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே! அடுப்பின் அனலையே அன்றாடம் அணிந்து, ஆயிரம் வயிறுகளை ஆற்றி அனுப்பிய மூத்தவர்களே! ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடிப்பானையைச் சுரண்டித் தாம் குடிக்கும் தாய்மார்களே! கடையை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, கல்லா என்ன ஆகுமோ என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே! கூட்டம் முடிந்தால் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருக்கும் கடைசி வரிசைத் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

சிரிக்காதீர்கள் தம்பி. வாசனை மேடை வரைக்கும் வருகிறது. எனக்கும் பசிக்கத்தான் செய்கிறது.

இன்று நம் முன்னே ஒரு தீர்மானம் இருக்கிறது. ஒவ்வொரு கடையும் தன் பானையில் என்னென்ன போடுகிறது என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டவேண்டும். அவ்வளவுதான் தீர்மானம். எனக்கு முன்னால் பேசிய பெரியவர் பொங்கி எழுந்து கேட்டார்: "தொழில் ரகசியத்தைத் தெருவில் தொங்கவிட்டால் நாளைக்கு நாம் எதை விற்பது?" நியாயமான கேள்வி. நானும்தான் கைதட்டினேன்.

ஆனால் ஐயா, ரகசியப் பொருள் என்றதும் நம் மனம் கதைகளுக்கு ஓடிவிடுகிறது. கதையில் என்ன நடக்கும்? ராஜா ஒரு வாய் குடித்துவிட்டு மயங்குவார். அதில் என்ன போட்டாய் என்று சமையற்காரியைச் சிறையில் அடைப்பார். அவள் வாயே திறக்கமாட்டாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், போட்ட பொருள் அன்பு! எந்தக் கதையை எடுத்தாலும் அன்பு! அன்பு யாருக்காவது ஒவ்வாமல் போனதுண்டா? அன்பைக் குடித்து யாருக்காவது தொண்டை வீங்கியதுண்டா? கதை எழுதுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. நமக்கு அப்படியா?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் கடை. கடையை நடத்துவது என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் சூப்பு கரண்டியில் எடுத்தால் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். அந்தக் கெட்டி எப்படி வருகிறது என்பது அக்கா ஒருவருக்கு மட்டுமே தெரியும். காய் வெந்ததும் அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவார். கட்டின கணவரே ஆனாலும் வெளியேதான். சந்தைக்குப் போனால் தேவையே இல்லாத பட்டையையும் வேரையும் நாலு பேர் பார்க்க விலை பேசி வாங்குவார். அதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர்களும் வாங்கிப் போட்டு, கசப்புச் சூப்பு காய்ச்சிய கதையெல்லாம் உண்டு. அந்தக் கசப்பைக் குடித்தவர்கள் இங்கேயே சிலர் இருக்கிறீர்கள்.

நான் ஒருநாள் கேட்டேன். "ஏங்க்கா, நானும் இந்த வீட்டு மருமகதானே? எங்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

அக்கா சொன்னார்: "உன் வாய்க்குப் பூட்டு ஏதுடி? உங்கிட்ட சொல்றதும் ஊரக் கூட்டிச் சொல்றதும் ஒண்ணுதான்."

சிரிக்கிறீர்கள்! மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றுகிறது, இல்லையா? தோன்றட்டும், தோன்றட்டும்.

மதியமானால் எதிர்க்கடை முதலாளி ஒருவர் எங்கள் கடையில் வந்து உட்காருவார். ஒரு கிண்ணம் வாங்கி, ஒவ்வொரு வாயையும் நாக்கில் உருட்டி உருட்டி ஆராய்ச்சி பண்ணுவார். யார் அவர் என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். எழுந்து ஓடமுடியாத இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒருநாள் அவர் அப்படி உட்கார்ந்திருந்த மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்கு முழங்கையில் கட்டு. பசியில் முகம் வாடிக் கிடந்தது. தாய் என்னிடம் கேட்டார்: "அக்கா, இதுல வேர்க்கடலை ஏதாச்சும் இருக்கா? இவளுக்கு அது சுத்தமா ஆகாது. போன தடவ தெரியாமத் தின்னுட்டு மூச்சுத் திணறி, பொழச்சதே மறுபிறப்பு."

நான் சொன்னேன்: "சேச்சே, அதெல்லாம் கிடையாதும்மா. வெறும் காய்கறிதான். தைரியமா குடுங்க."

அவையோரே, நான் பொய் சொன்னேனா? இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நெஞ்சில் கள்ளம் இல்லை, நினைவில் கபடம் இல்லை. ஆனால் கையில் நஞ்சு இருந்தது! பொய்யே சொல்லாத வாயைப் பொய் சொல்லவைத்தது எது? என் அறியாமையா? அந்த அறியாமையைக் கட்டிக் காத்த கதவா?

அந்தப் பெண் கரண்டியை ஊதினாள். வாயருகே கொண்டுபோனாள். அடுப்படிக் கதவு படார் என்று திறந்தது. எங்கள் பேச்சு காதில் விழுந்து அக்கா ஓடிவந்த வேகத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட, சூப்பு முழுவதும் எதிர்க்கடைக்காரர் சட்டையில்!

"குடிக்காத கண்ணு! கடலை இருக்கு! வறுத்து அரைச்சு விட்டிருக்கேன். கடலைதான்! கடலைதான்!"

கட்டின கணவரிடம் சொல்லாததை, கூடப் பிழைத்த என்னிடம் சொல்லாததை, தெருவே கேட்கக் கத்தினார் அக்கா.

அந்தத் தாய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "அப்போ ராத்திரிக்குன்னு எதிர்க்கடையில வாங்கினேனே, இது? அங்கயும் கேட்டேன். அந்தக்கா சத்தியம் பண்ணாத குறையா இல்லைன்னாங்களே!"

எதிர்க்கடைக்காரர் எழுந்தார். சட்டையில் சூப்பு சொட்டுகிறது. இத்தனை காலம் தேடிய ரகசியம் காசில்லாமல் காதில் விழுந்திருக்கிறது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த டப்பாவைத் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இதயும் குடுக்காதீங்கம்மா. இதுலயும் அதேதான், நானும் கடலைதான் அரைச்சு விடுறேன். எம் பொண்டாட்டிகிட்ட நான் சொன்னதில்ல. அவளுக்குத் தெரியாது."

தலைவர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். அன்று நீங்கள் தலை நிமிர்ந்து சொன்ன சொல் அது. அதனால்தான் இந்த நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறோம். கைதட்டுங்கள், தாய்மார்களே!

சரி, ஒன்றைக் கேட்கிறேன். இரண்டு கடை, இரண்டு பூட்டு, உள்ளே ஒரே கடலை! இதற்கா இத்தனை ஒளிவு? இதற்கா இத்தனை மறைவு?

அன்று கடையை மூடிவிட்டு நான் அக்காவைப் பிடித்துக் கத்தினேன். "என் கையால ஒரு உசுரு போயிருக்குமேக்கா! அப்புறம் நான் எப்படிச் சோறு திங்குறது?" அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "உன்ன நம்பாம இல்லடி. கடை மாமனார் பேர்ல. வீடு எங்க வீட்டுக்காரர் பேர்ல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதயும் சொல்லிட்டா நான் யாருடி?"

என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. இந்த மண்டபத்தில் இருக்கிற பாதிப் பேருக்கு அந்தப் பயம் உண்டு. எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன். அளவை யாரும் கேட்கவில்லை. பதத்தை யாரும் கேட்கவில்லை. எப்போது தீயைக் குறைப்பது, எப்போது இறக்குவது, அதெல்லாம் உங்கள் கைக்குச் சொந்தம், அதை யார் பறிக்கமுடியும்? பெயரை மட்டும் சொல்லுங்கள். பானைக்குள் இருக்கும் பொருளின் பெயரை மட்டும்!

"அதான் உங்க அக்கா சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று யாரோ கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அக்கா கத்தியதைத் தெருவே கேட்டது. கேட்டுவிட்டு என்ன செய்தது? கொஞ்ச நாளிலேயே தெரு முழுக்கக் கடலை! ஒருவர் ராஜ சூப்பு என்றார், ஒருவர் சொர்க்கச் சூப்பு என்றார். என்ன போட்டீர்கள் என்று கேட்டால் அத்தனை பேரும் ஒரே பதில்: "அது ரகசியம்!" திருடினதும் ஒரே பொருள், ஒளித்ததும் ஒரே பொருள். வெட்கமாக இல்லையா நமக்கு?

முடிக்கிறேன் தலைவரே, கடிகாரத்தைக் காட்டாதீர்கள்.

மேடை ஏறுவதற்கு முன் இந்த மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் போனேன். சூப்பில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சமையல்காரத் தம்பி சிரித்துக்கொண்டே, "அது ரகசியம்மா" என்றார். அந்தத் தம்பி இப்போது அதோ, வாசலோரம் கரண்டியோடு நிற்கிறார். தம்பி, இரண்டாம் வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள், தெரிகிறதா? நான்தான் வரச்சொன்னேன். நான் சொன்ன கதையில் கரண்டியை ஊதினவள் அவள்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் பந்தியில் உட்காரப்போகிறாள். இப்போது கேட்கிறேன். பானைக்குள் என்ன இருக்கிறது?

ஏன் தம்பி தரையைப் பார்க்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டாம் வரிசைக்குக் கேட்கவேண்டும்.

கேட்டீர்களா? "கடைசியில கொஞ்சூண்டு கடலைம்மா" என்கிறார். கொஞ்சூண்டு!

வேண்டாம், யாரும் அவரைத் திட்டாதீர்கள். அவர் சொல்லிவிட்டார். அந்தத் தாய் மகளின் கையை இறுகப் பிடித்திருக்கிறார், பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு, தீர்மானத்துக்குக் கை தூக்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தலைவர் கையைத் தூக்கிவிட்டார். முன்வரிசை தூக்கிவிட்டது. பொங்கி எழுந்த பெரியவரும் தூக்குகிறார், மெதுவாகத்தான், ஆனால் தூக்குகிறார். நன்றி ஐயா.

அதோ, என் ஓரகத்தி எழுந்து சமையற்கட்டுக்குப் போகிறார். அந்தப் பெண்ணுக்கென்று தனிப்பானை வைக்கப்போகிறார். கதவைச் சாத்தவில்லை.

பசியோடும் பொறுமையோடும் கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. பந்திக்குப் போங்கள். உட்காரும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். வணக்கம்.